பத்துக்கு நான்கு

தம்பி எய்விந்துக்கு,

நீ அனுப்பிய கம்பளிக் காலுறை அப்பாவுக்குச் சரியாக இருக்கிறது.

கோடையில் வந்தபோது, ஓஸ்லோவில் கற்ற வித்தையை அவரிடமே காட்டினாய். அம்மா பரலோகத்தில் தனக்காகக் காத்திருக்கிறாள் என்றார். “அது எவ்வளவு நிச்சயம்ப்பா? பத்துக்கு எத்தனை போடுவீங்க?” என்று சிரித்தபடி கேட்டாய். பத்து என்றார். “எப்படித் தெரியும்?” என்று கேட்டுக் கேட்டே நான்குக்கு இறக்கினாய். “பாத்தியாக்கா, நான் எதையும் மறுக்கல, கேள்விதான் கேட்டேன்” என்று எத்தனை பெருமை உனக்கு!

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை ஊரே கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றப் போனது. “கிளம்புங்கப்பா, ஒரு வருஷம்கூட விட்டதில்லையே” என்றேன். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

“யாருக்கும்மா ஏத்தணும்?” என்று கேட்டார்.

அவருக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவன் நீ. வந்து நீயே பதில் சொல்.

உன் அக்கா