காலருக்குள் எழுதிய எண்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. பயந்துவிடாதே. உன் அப்பாவின் முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது, குறட்டையும் அப்படியேதான். மேல்வீட்டுக்காரம்மா துணி காயப்போடுகிறேன் என்று நம் ஜன்னலில் தண்ணீர் சொட்ட விடுவதை நிறுத்தவில்லை, நானும் சண்டை போடுவதை நிறுத்தவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ சரிம்மா சரிம்மா என்றே வைத்துவிடுவாய். அதனால் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் உன் தங்கையைப் பற்றியது. நம் வாயாடி வாயைத் திறந்து பேசி மூன்று மாதம் ஆகிறது. முதலில் வயசுக்கு வருகிற பெண் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை வந்தால் வயிற்றுவலி என்பாள், வெந்நீர் கொடுத்து அனுப்பிவைத்தேன். தட்டில் வைத்த சோறு பாதி அப்படியே இருக்கும், கொழுப்பு என்று திட்டினேன். போன மாதம் ஒரு நாள் பள்ளிச் சட்டையின் காலரைக் கத்தரியால் கன்னாபின்னாவென்று வெட்டி வைத்திருந்தாள். என்னடி இது என்று கேட்டேன். கோபத்தில் முதுகில் இரண்டு வைத்தேன். அதற்கும் அவள் அழவில்லை, அதுதான் எனக்கு உறுத்தியிருக்க வேண்டும், உறுத்தவில்லை.

அடுத்த வாரம் நான் ஷிப்ட் முடிந்து வரும்போது குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்திலிருந்து நான் கொஞ்சம் பிளீச்சிங் கொண்டுவந்து வைத்திருப்பேனே, அந்த வாசனை வாசல்வரை அடித்தது. தட்டினேன், திறந்தாள். மாற்றுச் சட்டையின் காலரைத் தேய்த்துத் தேய்த்து நைந்துபோகச் செய்திருந்தாள். அது போதாதென்று அந்தத் தண்ணீராலேயே தன் கழுத்தையும் தேய்த்திருக்கிறாள். பிடரி முழுக்க வெந்துபோய்ச் சிவந்து கிடந்தது. என்னைப் பார்த்து, “போகவே மாட்டேங்குதும்மா” என்றாள். மூன்று மாதத்தில் அவள் முழுசாகச் சொன்ன வாக்கியம் அதுதான்.

போகாதது நான் எழுதிய எண். உனக்குத் தெரியும், எங்கள் கூடத்தில் ஒரு நாளைக்கு ஆயிரம் விரிப்பு வரும், மூலையில் வார்டு எண் போடாவிட்டால் எது எந்த வார்டுக்குப் போக வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கென்று ஒரு கருப்பு மை, எத்தனை தடவை கொதிக்கவைத்தாலும் அழியாது. நம் மொட்டைமாடியில் இருபது வீட்டுத் துணி ஒன்றாகக் காய்கிறது, மாறிப்போகக் கூடாதே என்று அதே மையால் நம் வீட்டுத் துணியில் எல்லாம் 7/34 என்று எழுதுவேன். ஏழாவது பிளாக், முப்பத்துநாலாம் கதவு. பள்ளிச் சட்டையில் காலருக்கு உள்ளே எழுதினேன், வெளியே தெரியாது என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் சொன்னாள். அவள் வகுப்பில் ஒரு பெண்ணின் தாத்தா எங்கள் ஆஸ்பத்திரியில்தான் இறந்துபோனாராம். அவர் படுத்திருந்த விரிப்பிலும் இதே மாதிரி கருப்பு எண் இருந்ததைப் பார்த்திருக்கிறாள். விளையாட்டு வகுப்பில் உன் தங்கையின் காலர் மடங்கியிருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, இது செத்தவர்கள் விரிப்பில் தைத்த சட்டை என்று சொல்லிவிட்டாள். அதோடு ஏழாவது பிளாக் என்றால் குப்பைக் கிடங்குக்குப் பின்னால் இருப்பது என்று ஊருக்கே தெரியும். அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் பொணத்துணி. பக்கத்தில் உட்கார மாட்டார்கள், அவள் தொட்ட குழாயில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், காலரைப் படம் எடுத்து போனில் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். வகுப்பு டீச்சரிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் விளையாட்டாகச் சொல்வதைப் பெரிதுபடுத்தாதே என்றாராம். என்னிடம் அதுவரை சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், நீ எழுதினதுதானேம்மா, உனக்குக் கஷ்டமா இருக்கும் என்றாள். அந்த நிமிஷம் என் கை இரண்டையும் வெட்டிப்போடலாம் போல இருந்தது.

கழுத்துக்கு மருந்து போட்ட நர்ஸ் என்னைத் தனியே அழைத்து, புண் ஆறிவிடும், பிள்ளையை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போ என்றார். இருபது வருஷமாக அந்தப் பிரிவின் விரிப்பைத் துவைக்கிறேன், அந்த மூட்டை வந்தால் நாங்கள் கிண்டல் கூடப் பண்ணியிருக்கிறோம். இப்போது அந்த பெஞ்சில் என் பிள்ளையோடு நானே உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா சின்ன வயசுதான், அவசரமே படவில்லை. நான் பக்கத்தில் இருக்கும்போதே உன் தங்கை சொன்னாள், “நான் இல்லாமப் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதியா இருக்கும்னு தோணுது.” பதிமூன்று வயசு. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வேறென்ன செய்வேன்.

உன் அப்பா மறுநாள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்குப் போனார். அவருக்குப் பேச எங்கே வரும், தலைமையாசிரியை நாற்காலி காட்டியும் உட்காராமல் அரைமணி நேரம் அந்தச் சட்டையைக் கையில் விரித்துப் பிடித்தபடி நின்றிருக்கிறார். கடைசியில் அவர்களே விசாரித்து, வகுப்பு டீச்சரையும் அந்தப் பெண்களின் பெற்றோரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வாரத்தில் மூன்று நாள் போகிறாள், மற்ற நாள் போக முடியவில்லை என்றால் நாங்கள் வற்புறுத்துவதில்லை. நூலகத்து அம்மா பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்கிறார். வீட்டில் யாராவது ஒருவர் எப்போதும் கூடவே இருக்கிறோம், பிளீச்சிங்கைத் தூக்கிக் கொட்டிவிட்டேன். நேற்று மேல்வீட்டுக்காரம்மாவிடம் நான் சண்டை போடும்போது உள்ளேயிருந்து சிரித்தாள். அதற்காகவே இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போட்டேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். டாக்டரம்மா வீட்டில் மூத்த பிள்ளை எப்படி என்று கேட்டார். அவள் தைரியசாலி, அவளுக்கு இந்த மாதிரி எதுவும் வந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து, தலையணை உறை தைக்கலாம் என்று பெட்டியிலிருந்த உன் பழைய பள்ளிச் சட்டைகளை எடுத்தேன். மூன்று சட்டை. மூன்றிலும் காலருக்கு உள்பக்கம் அந்த எண் இருந்த இடத்தை அளவாக வெட்டி எடுத்துவிட்டு, வேறு வெள்ளைத் துணி வைத்துத் தைத்திருக்கிறாய். தையல் எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது. அத்தனை வருஷம் துவைத்து மடித்தும் என் கண்ணில் படவில்லையே. உனக்கும் திங்கட்கிழமை வயிறு வலிக்கும். உனக்கும் வெந்நீர்தான் கொடுத்தேன்.

வேலை கிடைத்து நீ போனபிறகு நாலு வருஷமாக ஊருக்கு வரவில்லை. லீவு தர மாட்டார்கள் என்று நீ சொன்னாய், நானும் எல்லோரிடமும் அதையே சொன்னேன். அக்காவையும் இப்படிச் சொன்னாங்களா என்று தங்கை கேட்கிறாள். தெரியாது என்றேன். நான் உன்னைக் கேட்டதே இல்லையே, எனக்கு எப்படித் தெரியும். என்னை மன்னித்துவிடு கண்ணு.

தங்கைக்கு நீ எழுது. அறிவுரை வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது. உனக்கு நடந்ததை மட்டும் எழுது, அவள் தனியாள் இல்லை என்று தெரியட்டும். புதுச் சட்டை இரண்டு வாங்கியிருக்கிறோம், எதுவும் எழுதவில்லை, மாறிப்போனால் போகட்டும்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், உன் மனசு குளிர வேண்டும். பனியில் வெறுங்காலோடு நடக்காதே. எனக்கும் தனியாக ஒரு தாள் வை. அதில் நலம் என்று மட்டும் எழுதாதே. உன்னை அந்தப் பள்ளியில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எழுது. இப்போது கேட்கிறேன்.

உன் அம்மா