செவ்வாய்க்கிழமை ஒத்துவரும்

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் தலைவர் மேங் கூப்பிட்டார். எங்கள் கொரிய–அமெரிக்க வணிக நட்புக் கழகம் பன்னிரண்டு வருடமாக நட்பை வளர்க்கிறது. கைகுலுக்கும் படங்களுக்குச் சுவரில் இடமில்லை, ஒப்பந்தம் மட்டும் ஒன்றுகூட இல்லை. டிசம்பருக்குள் ஒன்றாவது கையெழுத்தாக வேண்டுமாம். கையெழுத்தானால் என் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் டிசம்பரோடு வீட்டுக்கு. மொழிபெயர்க்கிறவள் எப்படி ஒப்பந்தம் போட வைப்பாள்? தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 6, வியாழன்

இஞ்சியோன் நகரில் கிம்ச்சி ஊறுகாய்க்கென்றே தனி ஃபிரிட்ஜ் செய்யும் தாக் வந்திருந்தார். எதிரே அமெரிக்காவில் ஒஹையோவிலிருந்து வந்த டேல். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் ரப்பர் பட்டை விற்கிறவர். அந்தப் பட்டையை ஒன்றரை மணி நேரம் இழுத்து இழுத்துக் காட்டினார். தாக் கடிகாரத்தை நான்கு முறை பார்த்துவிட்டு எழுந்தார்.

"ஒரு நாள் சேந்து சாப்பிடலாம்."

எங்கள் ஊரில் இதைக் கேட்டவன் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். இதற்குப் 'போய் வாருங்கள்' என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். டேல் கைப்பேசியில் நாட்காட்டியைத் திறந்தார்.

"செவ்வாய்க்கிழமை எனக்கு ஒத்துவரும். எத்தனை மணிக்கு?"

தாக் என்னைப் பார்த்தார். நான் மூலையிலிருந்த செடியைப் பார்த்தேன்.

தப்பா? சொன்னதைத்தானே சொன்னேன். அர்த்தத்துக்கும் சேர்த்தா சம்பளம் தருகிறார்கள்?

நவம்பர் 11, செவ்வாய்

சாப்பிட்டார்கள். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லத் தாக்குக்கு வாய் வரவில்லை. அதனால், தன் ஆலையிலேயே கிம்ச்சி வாடை வெளியே வராமல் அந்தப் பட்டை ஆறு மாதம் தாங்கிக் காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார். ஆள் ஓடிவிடுவான் என்ற நம்பிக்கை. டேலுக்கும் அலுத்துவிட்டது போல. "ரொம்ப சுவாரஸ்யமா இருக்கு. ஊருக்குப் போய் நானே தொடர்பு கொள்றேன்" என்றார்.

சித்தப்பா வீட்டில் எட்டு வருடம் ஒஹையோவில் இருந்தவள் நான். அங்கே ஒருவன் சுவாரஸ்யம் என்றால் அதோடு கதை முடிந்தது. ஆனாலும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். தாக்கின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. "தானே தொடர்பு கொள்வாராமா?"

நவம்பர் 17

பட்டைகளைச் சோதிக்கத் தாக் ஒரு கொட்டகையைக் காலி செய்துவிட்டார். அமெரிக்கர் வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

நவம்பர் 18

தாக் ஒரு கொட்டகையையே காலி செய்துவிட்டார் என்று டேலுக்கு எழுதினேன்.

நவம்பர் 23

ஐந்து நாள் கழித்து டேலிடமிருந்து பதில் வந்தது. அவ்வளவு தூரம் போன மனிதரை எப்படி ஏமாற்றுவது என்று கேட்கிறார். திரும்பி வருகிறாராம்.

டிசம்பர் 12, வெள்ளி

கையெழுத்தானது! ஆறு மாதச் சோதனையையும் சேர்த்தே ஒப்பந்தம்.

அதற்குப் பத்து நிமிடம் முன்னால் தாக் என் காதோடு, "அந்தாளு விடவே மாட்டேங்கிறாரேம்மா. இத அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். கழிப்பறைப் பக்கம் டேல் என்னை நிறுத்தி, "மனுசன் இவ்வளவு ஆசைப்படறாரு, எப்படிங்க வேணாம்னு சொல்றது? அவருக்குத் தெரிய வேணாம்" என்றார்.

இந்த வேலையில் நான் மொழிபெயர்க்காமல் விட்டது இந்த இரண்டை மட்டும்தான்.

தலைவர் இரு நாட்டுப் புரிதலைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். புகைப்படத்தில் என்னுடைய இடது காது மட்டும் விழுந்திருக்கிறது.

டிசம்பர் 19, வெள்ளி

வேலை என்ன ஆயிற்று என்று ஒரு வாரமாகப் பேச்சே இல்லை. மின்தூக்கிக்குள் நின்ற தலைவரிடம் கேட்டேவிட்டேன். புரிதல்தான் வந்துவிட்டதே, இப்போதெல்லாம் கைப்பேசியே மொழிபெயர்க்கிறதாமே என்று ஏதோ இழுத்தார். பிறகு அழகாகச் சிரித்தார்.

"ஒரு நாள் சேந்து சாப்பிடலாம், பியோ."

பதினோரு வருடம் இவருக்கு வாயாக இருந்திருக்கிறேன். எனக்கேவா இது? கதவு மூடப் போனது. காலை நடுவில் வைத்தேன்.

"செவ்வாய்க்கிழமை எனக்கு ஒத்துவரும், தலைவரே. எத்தனை மணிக்கு?"

டிசம்பர் 23, செவ்வாய்

பன்னிரண்டரை மணி. மாட்டெலும்பு சூப் கடை. தலைவர் வானிலை பேசினார், மகள் கல்யாணம் பேசினார். நான் நாட்காட்டியைத் திறந்து மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்லவிதமாகப் பரிசீலிப்பதாகச் சொன்னார். எந்தக் கிழமைக்குள் என்று கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஜனவரி ரெண்டாம் தேதி நிரந்தர ஆளா வந்துடும்மா. இப்ப அத மூடு."

அதையும் அவர் முன்னாலேயே தேதி போட்டு எழுதிவிட்டுத்தான் மூடினேன்.

அந்தக் கடையில் சூப்பை உப்பில்லாமல்தான் வைப்பார்கள், அவரவர் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டேன்.