வலப்பக்கம் மட்டும் திரும்பும் சைக்கிள்

மே 12, 1972. வெள்ளி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. வடாம் பிழிந்து காயப்போட்டேன். பாதி காக்காய்க்கு.

மாற்றல் உத்தரவு வந்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சு. நாச்சியாபுரம் போகிற வழியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். காரைக்குடியிலிருந்து முதல் பஸ் போய்ச் சேர்வதற்குள் அங்கே பெல் அடித்து, பிரேயர் முடிந்திருக்கும். இவர் சுலபமாகச் சொல்லிவிட்டார்: "பேசாம வேலையை விட்டுரு. ஜவுளிக் கடை வருமானம் பத்தாதா?" பத்தும்தான். ஆனால் கடை அவருடையது. பள்ளிக்கூடம் என்னுடையது.

சாயங்காலம் மாதர் சங்கம். தையல் நாள். ஊசியில் நூல் கோர்க்காமல் அழுதுகொண்டிருந்தேன். தலைவி வள்ளியம்மை ஆச்சி பார்த்துவிட்டார். "பஸ்ஸு இல்லேன்னா சைக்கிள்ல போயேன் ஆத்தா. பினாங்கிலேருந்து மக கொண்டாந்த லேடீஸ் சைக்கிளு சும்மா தூசி அடையுது."

சின்ன வயதில் அண்ணன் சைக்கிளை ஓட்டியிருக்கிறேன் என்று வாய் தவறிச் சொன்னேன். பெரியவளான அன்றோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது வயது முப்பத்தாறு. உடம்பு அதற்கு மேல்.

தையல் அம்போ. சங்கம் மொத்தமும் சைக்கிள் சங்கமாகிவிட்டது.

மே 16. செவ்வாய்

ரோட்டில் பழக வெட்கம். ஆச்சி வீட்டு வளவில்தான். நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், வழுவழு தரை. கல்யாணம் காட்சி என்றால்தான் அந்த வீட்டில் ஆள் நிறையும். மற்ற நாளெல்லாம் ஆச்சியும் புறாக்களும்.

ஆச்சி போட்ட ஒரே சட்டம்: "சாமி வீடு இருக்க எடம். வலமாத்தான் சுத்தணும். எடமாச் சுத்திப்புடாதீக."

வலமாகச் சுற்றினோம். நான் இரண்டு தூணில் மோதினேன். சங்கத்துத் தையல் டீச்சர் பாக்கியம் மோதாத தூண் இல்லை. என்னைவிட நாலு வயது மூத்தவள், பயம் என்றால் என்னவென்றே தெரியாதவள்.

முழங்காலுக்கு மஞ்சள். புடவைக்கு ஊக்கு வாங்கணும். ரவிக்கை அக்குளில் கிழிசல், தைக்கணும்.

மே 26. வெள்ளி

ஓடுகிறது! பாக்கியம் கையை விட்டதே தெரியாமல் இரண்டு சுற்று. எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. மணியை அடித்துக்கொண்டே சுற்றினேன். வெளியே பால்காரர் யாரிடமோ: "என்னப்பா, ஆச்சி வீட்டுல பூசை முடியவே மாட்டேங்குது?"

ஏறத்தான் வரவில்லை. கால் வைக்க ஒரு படி வேண்டும்.

ஜூன் 4. ஞாயிறு

ஆச்சி வீட்டில் கல்யாண வெள்ளையடிப்பு. எங்களை ரோட்டுக்கு அனுப்பிவிட்டார். விடிந்தும் விடியாமல் ஊரைத் தாண்டும் வரை தள்ளிக்கொண்டு போய், ஒரு மைல்கல்லில் கால் வைத்து ஏறினேன். பாக்கியம் வாடகைச் சைக்கிளில் பின்னால். குன்றக்குடி ரோடு. காற்று. பறந்தேன்.

அதே ரோட்டில் பாதி வழியில் பள்ளிக்கூடத்துக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவே வரவில்லை! கை மறுக்கிறது, உடம்பு வலப்பக்கம் சாய்கிறது. நேராகப் போய்க் குன்றக்குடி மலையடியில்தான் நின்றேன். பாக்கியமும் அப்படியே. வழியில் ஒரு பெரியவர்: "முருகனைக் கும்பிட இம்புட்டு வேகமா?"

வலமாகவே சுற்றிப் பழகியதன் வினை. சிரித்துச் சிரித்து வயிறு வலி.

ராத்திரி சிரிப்பு நின்றுவிட்டது. இவர் சொன்னது: "மொத வாரம் சைக்கிள்ல போ, பாப்போம். ஒரு நாள் பெல்லுக்குப் பிந்திப் போனாலும் வேலையை விட்டுரணும். சரியா?" சரி என்றுவிட்டேன். இடப்பக்கச் சங்கதியைச் சொல்லவில்லை.

ஜூன் 8. வியாழன்

வற்றிய ஊருணிக்குள் இடமாகச் சுற்றிப் பழக்கம். ஆச்சி உத்தரவு: "ஊருணிக்குள்ள எங்குட்டு வேணும்னாலும் சுத்துங்க." சுற்றவில்லை, விழுந்தேன். போகப் போக பயம்தான் கூடுகிறது.

இறங்கித் தள்ளிப் போகலாமே என்றால், அந்தத் திருப்பத்தில் மறுபடி ஏறக் கல் கிடையாது, பள்ளிக்கூடம் வரை தள்ளினால் பெல் அடித்துவிடும். ஒரே மேடை, வலப்புறம் ஆலமரத்தடிப் பிள்ளையாருடையது. அதில் கால் வைக்கவா?

பாக்கியம்தான் கண்டுபிடித்தாள். "டீச்சர், அந்த ஆலமரத்தை வலமா ஒரு சுத்துச் சுத்துங்க. முக்காச் சுத்துல சைக்கிளு தானா அங்குட்டுப் பாத்து நிக்கும். ரோட்டைத் தாண்டுனா பள்ளிக்கூடப் பாதை."

போய்ப் பார்த்தோம். நிற்கிறது! அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஜூன் 12. திங்கள்

முதல் நாள். மரத்தைச் சுற்றி, பாதையில் இறங்கி, பெல்லுக்கு முன்னால் போய்விட்டேன். வியர்வையில் குளித்திருந்தேன். வாசலில் நின்ற தலைமையாசிரியர்: "நல்ல பழக்கம்மா. பிள்ளையாரை வலம் வராம பள்ளிக்கூடம் வர்றதில்லபோல." ஆமாம் சார் என்றேன். வேறு என்ன சொல்ல.

ஜூன் 14. புதன்

மூன்று நாளும் நேரத்துக்கு. நாலாம் வகுப்புப் பெண்கள் மணியைத் தொட்டுப் பார்க்க வரிசை.

பாக்கியம் லைனிங் துணி வாங்கப் போனாளாம். "உங்க வீட்டுக்காரரு கடை ரெண்டு நாளாக் காலையில பூட்டியே கெடக்கு. மேலுக்குச் சொகமில்லையா?" நன்றாகத்தானே இருக்கிறார், எனக்கு முன்னால் இட்லி முடித்துவிடுகிறார். கேட்க மறந்துபோனேன்.

ஜூன் 17. சனி

இவர் கெடு வைத்த வாரத்தின் கடைசி நாள். தூறல். திருப்பத்துக்கு வந்தால் மரத்தடியில் இடமே இல்லை. குன்றக்குடிக்குப் பொங்கல் வைக்கப் போகிற கூட்டம் தூறலுக்கு ஒதுங்கியிருக்கிறது: வண்டி, மாடு, அடுப்பு, பிள்ளைகள். சுற்ற வழியில்லை. நேராகப் போனால் மலையடி, திரும்பி வருவதற்குள் பெல். வேலை போச்சு, போச்சு என்று மனம் அடிக்கிறது. கண்ணை மூடினேனோ என்னவோ. "பிள்ளையாரப்பா" என்று கத்தியது மட்டும் ஞாபகம்.

பார்த்தால் பள்ளிக்கூடப் பாதையில் போய்க்கொண்டிருக்கிறேன். இடப்பக்கம் திரும்பியிருக்கிறேன்!

வகுப்பில் காரணமில்லாமல் சிரித்தேன். பிள்ளைகளும் சிரித்தார்கள். திரும்பும்போது மரத்தடி காலி. இறங்கி, நடந்தே ஒரு சுற்று. பிறகு மைல்கல் வரை தள்ளல்.

ராத்திரி ரசம் ஊற்றும்போது இவர்: "இன்னைக்கு ஏன் பிள்ளையாரைச் சுத்தாமப் போயிட்டே?"

கரண்டியோடு நின்றேன். "நீங்க எப்படிப் பாத்தீக?"

 இவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே: "ரோட்டுல லாரி வருது. நீ பாட்டுக்கு விழுந்து கெடந்தா?" வாரம் முழுக்கத் தன் சைக்கிளில், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், என் பின்னாலேயே வந்திருக்கிறார். கடை பூட்டிக் கிடந்தது அதற்கு.

எனக்குக் கோபம் வரவேண்டும். அழுகைதான் வந்தது.

"திங்கக்கெழமை கடையை நேரத்துக்குத் தெறங்க. நான் போயிக்கிருவேன்" என்றேன்.

கை கழுவிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடினார். "செயினு கத்துது. இம்புட்டுத் தூரத்துக்கு எனக்கே கேட்டுச்சு."