விகடக்காரனுக்கா பெண்ணைக் கொடுப்பது?

9-2-1956, வியாழன்

ஆலங்குடி டூரிங் கொட்டகையில் இன்று படம் மாற்றினார்கள். மாற்றாமலே இருந்திருக்கலாம். கதாநாயகன் அழுத அழுகைக்கு நம்மூர்க் கண்மாய் மூன்று போகத்துக்கு நிரம்பியிருக்கும். மதகைத் திறக்கத்தான் ஆளில்லை. ராஜா கோபத்தில் தூணைக் குத்தினார். தூண் பயந்துபோய் அரையடி நகர்ந்து நின்றது. சண்டையில் செத்துக் கிடந்த சிப்பாய் ஒருவன் மூக்கைச் சொறிந்துகொண்டான். படம் முழுவதிலும் இயற்கையாக நடித்தவன் அவன் ஒருவன்தான்.

நம் கொட்டகையில் ஒரே மெஷின். ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். அந்த ஐந்து நிமிஷமும் என் ஆட்சி. துண்டை உதறித் தோள் மாற்றி, ஒரு கனைப்புக் கனைத்து நான் எழுந்தால் தரை டிக்கெட் மொத்தமும் திரும்பும். இன்றைய தீர்ப்பு: "இந்த ராசாவுக்கு நாலு குறுக்கம் நெலத்தக் குடுத்துக் கடலை போடச் சொல்லுங்கய்யா, நாடு பொழைச்சுக்கும்!" சிரித்த சிரிப்பில் கூடாரத் துணி ஓரடி மேலே எழும்பி இறங்கியது.

பக்கத்தில் கடலை மண்டி கலீல் ரஹ்மான். "மாமா, நான் குடுத்த ரெண்டணா ஒங்களுக்கா, படத்துக்கா?"

"எனக்குத்தான் மாப்ளே. படம் கொசுறு."

14-2-1956, செவ்வாய்

தங்கை காத்தாயி வந்தாள். மகள் அழகிக்கு வரன் வந்திருக்கிறதாம். கீரனூர்ப் பக்கம், திருப்பதி என்று ஒரு வாத்தியார். பெண்ணை மறைவாகப் பார்த்துப் பிடித்தும் போய்விட்டதாம். அவளுக்கும் சம்மதம். தாய்மாமன் நான் தலையசைத்தால் பரிசம் போட்டுவிடலாம், அசைக்காவிட்டால் இல்லை. இந்தத் தலைக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது பார்பருக்குத் தெரியாது.

அசைக்கத்தான் போனேன். பிறகு மெதுவாகச் சொல்கிறாள்: மாப்பிள்ளை திருவிழாக்களில் விகடம் செய்வாராம். ரயில் மாதிரி, நாய் மாதிரியெல்லாம் சத்தம் கொடுப்பாராம்.

"நாய் மாதிரிக் கொலைக்கிறவனுக்கா நம்ம புள்ளையக் குடுக்கிறது? ராத்திரி காவலுக்கு வேணா வச்சுக்கலாம்."

அழகி கதவோரமாக நின்றாள். "ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லுங்க மாமா."

நியாயம். கேட்காமல் தண்டிப்பது ராஜ தர்மம் அல்ல.

3-3-1956, சனி

கீரனூர்ப் பக்கம் மாசித் திருவிழா. யாரென்று சொல்லாமல் நானும் கலீலும் கூட்டத்தோடு உட்கார்ந்தோம்.

பையன் சூரன். அதை எழுதத்தான் வேண்டும். திருச்சி பஸ் மேட்டில் ஏற மாட்டாமல் முக்குவதைச் செய்தான். முன்வரிசைக் கிழவர் ஒருவர் ஏறுவதற்கு எழுந்தே விட்டார். யார் யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் எண்ணிக்கொண்டே இழவு வீட்டில் அழும் பெண்களைச் செய்தான். நான் சிரித்த சிரிப்பில் வேட்டி அவிழ்ந்தது. மனசுக்குள் சம்மதம் சொல்லிவிட்டேன்.

அப்போது சொன்னான்: "போன மாசம் ஒரு டூரிங் கொட்டகைக்குப் போயிருந்தேனுங்க. முன்னாடி ஒரு பெரிய மனுசர்..."

துண்டை உதறினான். தோள் மாற்றினான். கனைத்தான்.

நான்தான். என் கனைப்பு, என் தொந்தி, என் ராஜா, என் கடலை. கூட்டம் மண்ணில் உருண்டது. கலீல் என் முதுகிலேயே அடித்து அடித்துச் சிரித்தான்.

ஆக, பெண்ணை மறைவாகப் பார்த்தது கொட்டகையில். நான் அவளுக்கு மாமன் என்று தெரியாமல் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான், பாவி.

கேலிகூடப் பெரிசில்லை. அடுத்து *அதையும்* செய்துவிடுவானோ என்றுதான் எனக்குப் பயம். அன்று அந்தப் படத்தில் ராணி இருமி இருமிச் செத்தபோது, இருட்டுதானே என்று நான் துண்டில் முகத்தை மூடிக்கொண்டேன். என் வீட்டுக்காரி மூக்காயி அப்படித்தான் இருமினாள். அவள் போய் இரண்டு வருஷம். பின்னால் இருந்தவன் பார்த்திருக்க மாட்டானா? அதைச் செய்யும் முன் எழுந்து வந்துவிட்டேன்.

4-3-1956, ஞாயிறு

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"ஏன்ணே?" என்றாள் காத்தாயி. காரணம் சொல்லவில்லை. சக்கரவர்த்திகள் சொல்வதில்லை.

கலீல் அதற்குள் ஊதியிருக்கிறான் போலும். அழகி நேராக வந்தாள். "ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம நீங்க நக்கலடிப்பீங்க. ஒங்கள ஒரு ஆளு அடிச்சா என் கல்யாணம் நிக்கணுமா?"

வாயாடி. யார் வளர்ப்பு? — சரி, அதையும் என் கணக்கில்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

7-3-1956, புதன்

கொட்டகைக்குப் போனேன். விளக்கு எரிந்தது. எல்லோரும் திரும்பினார்கள். நான் முறுக்குத் தின்றேன். "மாமாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று ஒருவன் கேட்டான்.

11-3-1956, ஞாயிறு

திருப்பதி வந்தான்! பரிசத்துக்கு முன் மாப்பிள்ளை பெரியவர்கள் இல்லாமல் இந்த வீட்டு வாசல் மிதிப்பது முறையா? கூட கலீல். பையன் நின்றபடியே சொன்னான்: "மாமன்னு தெரியாமச் செஞ்சுட்டேனுங்க. இனிமே அத எங்கயும் செய்ய மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்கு நிறுத்தணும்? அன்னைக்கு நீ செஞ்சதுலயே அதுதான்யா நல்ல உருப்படி!"

கலீல் வாயைப் பொத்திக்கொண்டான். அவனைக் காப்பித் தண்ணீருக்கு உள்ளே விரட்டிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டேன். "எனக்குப் பின்னாடிதானே ஒக்காந்திருந்தே? ராணி சாகையில... என்னப் பாத்தியா?"

"பாத்தேனுங்க."

"நான் எந்திரிச்சு வந்த பெறகு அதையும் செஞ்சியா?"

"இல்லீங்க."

"ஏன்? கூட்டம் இன்னும் உருண்டிருக்குமே."

பையன் தரையைப் பார்த்தான். "அதுல சிரிக்க ஒண்ணும் இல்லீங்களே."

எத்தனை படம் பார்த்திருக்கிறேன். எத்தனை பேரை ரீல் மாட்டும் நேரத்தில் தோலுரித்திருக்கிறேன். எதில் சிரிப்பு இல்லை என்று நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இருபத்துநாலு வயசுப் பயல்.

காத்தாயியைக் கூப்பிட்டு, நாள் பார்க்கச் சொன்னேன்.

24-5-1956, வியாழன்

அழகி கல்யாணம். தாய்மாமன் பட்டம் கட்டினேன், மாலை போட்டேன். சாம்பாரில் உப்பில்லை. நாதஸ்வரக்காரர் பாதி நேரம் சீவாளியைத்தான் நாக்கில் வைத்திருந்தார்.

பிறகு போட்டோ. புதுக்கோட்டையிலிருந்து வந்தவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, யாரும் மூச்சு விடக் கூடாது என்று உத்தரவு போட்டார். எல்லோரும் செதுக்கி வைத்ததுபோல நின்றோம். திருப்பதி உதடு அசையாமல் என் காதோரம் ஏதோ சொன்னான்.

போட்டோகிராபர் கத்தினார். பிளேட்டே பாழாம். படத்தில் எல்லோருக்கும் முகம் விழும். பெண்ணின் தாய்மாமனுக்கு மட்டும், சிரித்துக் குலுங்கியதில், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகைதான் இருக்குமாம்.

இன்னொரு பிளேட் போடட்டுமா என்றார். வேண்டாம், அதுவே இருக்கட்டும் என்றேன்.

திருப்பதி சொன்னதை இங்கே எழுதுவதாக இல்லை.