உங்கள் விறாந்தையில் வெளிச்சம்

சண்டிலிப்பாய்,
ஆவணி 1993

அன்புள்ள பூரணத்துக்கு,

கனகாம்பிகை எழுதுவது. நீரும் அண்ணையும் அந்தத் தூர தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மாளாச்சி துணை. நான் இருக்கிறேன். நாளைக்குக் கிளாலிக் கடல் வழியால் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் இதைக் கொடுத்துவிட வேண்டும். அதனால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

நீங்கள் அங்கே நடத்திவைத்த மீனாம்பிகையின் கலியாண வீடியோக் கசற் வந்து சேர்ந்தது. வந்து என்ன, கறன்ற் இல்லாத ஊரில் அதைக் கையில் வைத்துத் தடவத்தான் முடிந்தது. ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் சேர்த்து வாடகைக்குக் கொண்டுவந்து படம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எஞ்சின் சத்தம் கேட்டால் ஊரே வந்து குந்திவிடும். என் பிள்ளையின் கலியாணத்தை அத்தனை பேருக்கு நடுவில் இருந்து பார்க்க எனக்கு மனமில்லை. மீனாவுக்கு அதை எழுதினேன். சின்னதாக ஒரு ஜெனரேற்றர் வாங்குங்கோ அம்மா என்று பதில் போட்டாள்.

தம்பி கதிரவேலுவோடு சங்கானைக்குப் போனேன். மீனாவின் அப்பா கண்மூடிய பிறகு எனக்கு ஓடித்திரிய இவன் ஒருவன்தானே. கடையில் இரண்டு இருந்தன. தண்ணீர் மோட்டரும் இழுக்கலாம் என்று தம்பி பெரியதன் பக்கத்திலேயே நின்றான். கடைக்காரப் பஞ்சலிங்கம் என்னைக் கேட்டார், என்னென்ன போடப் போகிறீர்கள் என்று. ஒரு ரீவி, ஒரு டெக், ஒரு பல்ப் என்றேன். “அப்ப சின்னன் காணும் அக்கா. பெரிசு நெடுக மண்ணெண்ணெய் கேக்கும், அதுக்கு எங்கை போவியள்?” என்றார். காசை வாங்கிய பிறகும் விடாமல் சொன்னார்: வீட்டுக்குள் வைத்து ஓட்டினால் அந்தப் புகை நித்திரையிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும், மெயின் சுவிச்சை நிறுத்தாமல் வீட்டு வயருக்குக் கொடுக்கவே கூடாது, கொடுக்காமல் விட்டால் இன்னும் நல்லது.

சத்தம் வெளியே போகாமல் குசினிக்குள் வைப்போம் என்று தம்பி நின்றான். நான் விடவில்லை. யன்னல்களுக்கு எட்டத்தில், விறகுக் கொட்டில் தாழ்வாரத்தில் வைப்பித்தேன். வயர் விஷயத்தில்தான் என் சொல் எடுபடவில்லை. மெயின் சுவிச் துருப்பிடித்து இறுகிப்போய் இருந்தது. “றோட்டிலை கம்பியே இல்லை அக்கா, கறன்ற் எங்கை ஓடப்போகுது?” என்று சொல்லிக்கொண்டு, இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர் ஒன்றை எஞ்சினிலும் சுவரிலும் செருகிவிட்டான். றோட்டுக் கம்பிகளை எப்போதோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அது உண்மை. எங்கள் முகட்டிலிருந்து, பக்கத்தில் பூட்டிக் கிடக்கிற உங்கள் வீட்டுக்குப் போகிற கம்பி அப்படியே கிடந்ததை இருவரும் நினைக்கவில்லை.

பொழுதுபடுகிற நேரம். எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தத்துக்குள் குண்டு போடுகிற பொம்மர் வந்தாலும் கேட்காது என்று வானம் பார்க்க முற்றத்துக்கு வந்தேன். திரும்பினால், பூரணம், உங்கள் விறாந்தையில் பல்ப் எரிகிறது!

எப்படி எரிகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. நீர் வந்துவிட்டீர் என்றுதான் நினைத்தேன். “பூரணம்! பூரணம்!” என்று கூப்பிட்டுக்கொண்டு வேலியில் நாங்கள் நுழைந்து போய்வருகிற பொட்டுக்கு ஓடினேன். பானையில் உங்களுக்குக் காணக்கூடிய அளவு சோறு இருக்கிறதா என்றுகூட அந்த ஓட்டத்தில் நினைத்தேன். அப்போதுதான் அலறல் கேட்டது.

லூர்த்தம்மா. ஊர்காவற்றுறையில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவ, உம்மைக் கேட்டு உங்கள் பின்வளவுக் கொட்டிலில் இருத்தினேனே, அவதான். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர், தனி மனுசி. கிணற்றடிப் பக்கம் தொய்ந்து கிடந்த அந்தக் கம்பியில்தான் அவ உடுப்புக் காயப்போடுவா. செத்த கம்பி என்று ஊரெல்லாம் செய்கிறதுதானே. ஈரச் சேலையோடு கை கம்பியில் ஒட்டிப்போய், ஆள் உதறிக்கொண்டு நின்றா. பிடித்து இழுக்கக் கையை நீட்டிவிட்டேன். தொட்டால் நானும் போவேன் என்று சட்டென்று உறைத்தது. கத்துகிற மனுசிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி ஓடி, எஞ்சினை அமர்த்தினேன். எல்லாம் இருண்டது. சத்தமும் நின்றது. லூர்த்தம்மாவின் குரலும் இல்லை. அதுதான் பயங்கரம்.

மூச்சு இருந்தது. தம்பியின் சைக்கிளில் இருத்தி, விழாமல் நான் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உள்ளங்கை வெந்து தோல் உரிந்துவிட்டது, உயிருக்குப் பழுதில்லை. இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் மனுசி இல்லை என்றார் டொக்டர். அதைக் கேட்டுக் கதிரவேலு ஆஸ்பத்திரிப் படலையடியில் குந்தியிருந்து அழுதான். விடிந்ததும் ஏணி வைத்து ஏறி, இரண்டு பக்கமும் கம்பியை வெட்டிச் சுருட்டிவிட்டான். உம்மைக் கேட்காமல் செய்ததற்குக் கோபிக்க வேண்டாம். இப்போது உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் வெறும் வெளிதான்.

எஞ்சினைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். லூர்த்தம்மாதான் மறித்தா. “என்ரை கை வெந்தது வெந்ததுதானே அக்கா. பிள்ளையின்ரை கலியாணத்தைப் பாருங்கோ. நானும் பாக்கிறன்” என்றா. போன வெள்ளிக்கிழமை, எஞ்சினில் இருந்து நீள வயர் ஒன்றை யன்னலால் எடுத்து நேராக ரீவிக்கும் டெக்குக்கும் மட்டும் கொடுத்தோம். சுவரில் ஒன்றும் செருகவில்லை.

பார்த்தேன், பூரணம். நீர் பச்சைச் சேலையோடு நிற்கிறீர். மீனாவின் கையைப் பிடித்து அண்ணை கொடுக்க, நீர் தண்ணீர் வார்க்கிறீர். நான் அங்கே இருந்திருந்தாலும் தாலியிழந்தவள், முன்னுக்கு வந்திருக்க மாட்டேன். ஒரு மூலையில்தான் நின்றிருப்பேன். அது தெரிந்தும் நெஞ்சு கேட்கவில்லை. அவள் காலில் விழ, நீர் தூக்கிச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டீர். படம் எடுத்தவன் அந்த இடத்தில் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பிவிட்டான். தம்பியிடம் சொல்லித் திரும்பத் திரும்ப அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தேன்.

லூர்த்தம்மா உம்மைக் கண்டதில்லையே. “உது ஆர் அக்கா, பிள்ளைக்கு அங்கை ஒரு தாயோ?” என்று கேட்டா. கதிரவேலு என் முகத்தைப் பார்த்தான். ஓம் என்றேன்.

மாரி வரப்போகிறது. கொட்டில் ஒழுகும். உங்கள் முன்னறையில் லூர்த்தம்மா படுக்கலாமா என்று ஒரு வரி எழுதும். திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. உமது சொல் இல்லாமல் திறக்கமாட்டேன்.

மீனா எல்லாக் கடிதத்திலும் சுகம் என்றுதான் எழுதுகிறாள். அவளை முகம் பார்த்துத்தான் அறியலாம். கிழமைக்கு ஒருக்கால் என்றாலும் போய்ப் பாரும். சாப்பிட்டாளோ என்று கேளும். வாய் தவறி ஒரு நாள் உம்மை அம்மா என்று கூப்பிட்டாளென்றால், திருத்தாதேயும், பூரணம். என்ன பிள்ளை என்று கேளும்.

எல்லாரும் நல்லாய் இருங்கள்.

உம்முடைய
கனகாம்பிகை