மூன்றாவது கையெழுத்து

நிலவு, தென்முனை ஆய்வகம். எழுதுபவர்: மங்களேஸ்வரி, வேதியியலாளர்.

நாள் 212, 09:10
ஈர்ப்பு குறைந்த இங்கேதான் இதன் படிகம் ஒழுங்காக வளர்கிறது. சேர்மம் 61. முந்தைய அறுபதும் குப்பைக்குப் போயின. இது எலிகளின் மறதியைத் தீர்த்தது. இன்று முதல் மனிதச் சோதனை.

நோயாளி: முத்துராக்கு, வயது 64, அல்சைமர். என் கணவர். நோய் வருமுன் இந்த ஆய்வைத் தொடங்கி, விதிகளை எழுதியவரும் அவர்தான். தெளிவு மருந்தால்தான் வந்தது என்று காட்ட, மருந்து கொடுத்து நிறுத்த வேண்டும், மூன்று சுற்று. சுற்றுக்கொரு சம்மதக் கையெழுத்து. முதலாவதைப் போட்டார். என்னை யாரென்று தெரியவில்லை.

நாள் 221, 10:40
அறை ஒலிபெருக்கியில்: "மங்களம்? நீதானா? எம்புட்டு நாளாச்சு உன்னயப் பாத்து!"
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன். நினைவுத் தேர்வு: முப்பதுக்கு இருபத்தெட்டு.

நாள் 222, 09:00
மருந்தை நிறுத்தினேன்.

நாள் 236, 11:15
தேர்வு: ஒன்பது. என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். இரண்டாம் கையெழுத்து வாங்கினேன்.

நாள் 245, 10:05
தெளிந்துவிட்டார். போன சுற்றும் நினைவிருக்கிறதாம்.
"நிப்பாட்டிராத மங்களம். ஒவ்வொன்னா கழண்டு போறது எனக்குத் தெரிஞ்சுச்சு. மக பேரப் பிடிச்சுக்கிட்டே கெடந்தேன். அதுவும் போச்சு."
விதி உங்களுடையது என்றேன்.
"எழுதுனவன்தான் சொல்றேன். தப்பா எழுதிட்டேன்."

நாள் 246, 09:00
மூன்றாம் தாளை இப்போதே நீட்டினேன். கிழித்து எறிந்தார். தெளிவோடு மறுத்தால் சோதனை அங்கேயே முடிகிறது. அதுவும் அவர் எழுதியதுதான். ஆனால் மூன்று சுற்று இல்லாமல் பூமியில் யாரும் 61ஐ மருந்தென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கோடிப் பேர் காத்திருக்கிறார்கள். எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது போல.

மறுப்பைச் சோதனை ஏட்டில் ஏற்றவில்லை. மருந்தை நிறுத்தினேன்.

நாள் 251, நேரம் பார்க்கவில்லை
கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். மகள் பெயரைச் சத்தமாகச் சொல்கிறார், திரும்பத் திரும்ப. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டேன். இதைப் படிப்பவரே, என்னைக் காறித் துப்புங்கள். 61ஐ மட்டும் எடுத்துப் போங்கள்.

நாள் 260, 11:20
தேர்வு: ஐந்து. அமைதியாக இருக்கிறார். புதிய தாளை நீட்டினேன்.
"வலிக்குமா டாக்டரம்மா? எம் பொஞ்சாதி மங்களத்த ஒரு வார்த்த கேட்டுக்கிருங்க. அவ எனக்குக் கெடுதல் நெனைக்க மாட்டா."
கேட்டுவிட்டேன், சரி என்றாள் என்று சொன்னேன்.
சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.