விடுபட்ட அம்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

மினியாபொலிஸிலிருந்து கேலம் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறதா?

எங்கள் அலுவலகத்தில், இன்சுலின் பம்பு எப்படி இயங்க வேண்டும் என்று நாங்கள் கட்டங்களும் அம்புகளுமாகப் படம் வரைந்தால், கணினியே அதைப் பார்த்து நிரலை எழுதிவிடும். நேற்றுச் சோதனையில் மருந்து தீர்ந்தும் பம்பு கத்தவில்லை. விற்பனைக்குப் போகாத பம்புதான், பயப்படாதீர்கள். ஆனாலும் உங்கள் இடுப்பில் இருக்கும் பம்பை நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து மேசை சிக்ரிட் என் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"மருந்து தீர்ந்தா அலாரத்துக்குப் போகணும்ல? அந்த அம்பையே காணோமேடா! அழுது வைக்காதே, வரை. நான் கூடவே இருக்கேன்."

வரைந்தேன். புது நிரல் வந்தது, பம்பு அலறியது. அவளைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னேன்.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். ஞாயிறு சாப்பாட்டின்போது என்னைப் போனில் கூப்பிட்டு, போனை மேசைமேல் வைத்துவிடுங்கள். நீங்களெல்லாம் பேசுவது காதில் விழுந்தால் போதும்.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

கேலம்